ஓலையின் அடிப்பக்கத்தில் நடப்பது: தென்னைச் சுருள் வெள்ளை ஈயோடு எட்டு ஆண்டுகள்

2017ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தேங்காய் இறக்க வந்த பெரியவர், முதல் வரிசையை முடித்துக் கீழே இறங்கியதும் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, மேக்கால வரிசையில ஓலையெல்லாம் கரி பூசுனாப்புல இருக்குதுங்க, கையெல்லாம் பிசுபிசுங்குது" என்றார். பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைப் பக்கம், என் தந்தையார் வைத்துவிட்டுப் போன மூன்று ஏக்கர் தோப்பு அது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கீழ்ச்சுற்று மட்டைகளின் மேற்பக்கம் கருமை படர்ந்து கிடந்தது. ஏதோ பூஞ்சாண நோய் என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த நாளே பூஞ்சாணக்கொல்லி வாங்கித் தெளிக்கச் செய்தேன். அந்த மருந்தால் எந்தப் பயனும் விளையவில்லை. நான் பார்த்த கருமை நோயின் அடையாளமே அல்ல. அது வேறொன்றின் எச்சம். அந்த வேறொன்று ஓலையின் அடிப்பக்கத்தில் இருந்தது, நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

அதன்பின் எட்டு ஆண்டுகளாக இந்தப் பூச்சியோடு வாழ்ந்து கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். தென்னை வைத்திருப்பவர்களுள் பலர் இன்னும் நான் தொடங்கிய இடத்திலேயே நிற்பதையும், செய்யக்கூடாததைச் செய்து பணத்தையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் இழப்பதையும் பார்க்கும்போது, இதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் அந்தக் கருமை எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று வேளாண் துறையினரும் நாமும் இப்போது அழைக்கும் இந்தப் பூச்சி, ஓலையின் அடிப்பக்கத்தில் கூட்டம் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய சாற்றில் தனக்கு வேண்டாத சர்க்கரையைத் தேன் போன்ற திரவமாக வெளியேற்றுகிறது. அந்தத் துளிகள் கீழே உள்ள மட்டைகளின் மேற்பக்கத்திலும், மரத்தடியில் ஊடுபயிராக நிற்கும் வாழை, கோகோ, ஜாதிக்காய், மிளகு ஆகியவற்றின் இலைகளிலும் விழுந்து பிசுபிசுப்பாகப் படிகின்றன. அந்த இனிப்பின் மேல் கரும்பூசணம் வளர்கிறது. ஆகவே ஓர் ஓலை கறுத்திருந்தால், குற்றவாளி அந்த ஓலையில் இருக்க வேண்டியதில்லை. அதற்கு நேர் மேலே உள்ள ஓலையின் அடிப்பக்கத்தைத்தான் தேட வேண்டும். கோகோ இலை கறுத்ததற்குக் கோகோவுக்கே மருந்து அடித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. மேலிருந்த தென்னை மட்டை ஒன்றை வெட்டி இறக்கித் திருப்பிக் காட்டிய பிறகே நம்பினார்.

இந்தப் பூச்சி நம்முடையது அன்று. அலிரோடிகஸ் ருகியோபெர்குலேட்டஸ் என்ற அறிவியல் பெயரோடு இது 2004ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்க நாடான பெலிஸிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்டது. 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயாமி பகுதியில் காணப்பட்டது. 2016ஆம் ஆண்டின் நடுவில் பொள்ளாச்சியிலும், மலைக்கு அப்பால் பாலக்காட்டிலும் தென்பட்டது. இந்தியாவில் அதற்கு முன் இதைக் கண்டதாகப் பதிவு இல்லை. சில ஆண்டுகளில் தென்னை வளரும் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவிவிட்டது. ஓர் அயல்நாட்டுப் பூச்சி புதிய மண்ணுக்கு வரும்போது, அதன் பிறந்த இடத்தில் அதைத் தின்று அடக்கி வைத்திருந்த எதிரிகள் பெரும்பாலும் கூட வருவதில்லை என்பதே அது கட்டுக்கடங்காமல் பெருகுவதற்கான அடிப்படைக் காரணம். நம் பகுதியில் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வறண்ட வெப்பமும் காற்றில் ஈரம் குறைந்த நிலையும் இந்த ஈக்கு மிகவும் உகந்தவை. தண்ணீர் இன்றி வாடிய மரங்களின் மேல் அது தங்கு தடையின்றிப் பெருகியது.

இனி அடையாளம். ஒரு கைலென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவது போதும். மருந்துக்குச் செலவிடும் பணத்தில் இது ஒரு சிறு பங்குதான், ஆனால் என் தோப்பை மீட்டதில் இதற்கு இணையான கருவி வேறு எதுவும் இல்லை. கீழ்ச்சுற்றிலிருந்து ஒரு மட்டையை எடுத்து, ஓலைக்கீற்றைத் திருப்பிப் பாருங்கள். பெண் ஈ முட்டைகளை நேர்க்கோட்டில் இடுவதில்லை. வட்டமாகச் சுற்றிச் சுற்றி, விரல் ரேகை போலவோ நத்தை ஓட்டின் சுழி போலவோ இட்டு, அதன் மேல் வெண்மையான மெழுகுத் தூளைத் தூவி வைக்கிறது. பெயரில் உள்ள சுருள் என்பது இந்த வடிவத்தைக் குறிப்பதே. முட்டையிலிருந்து வெளிவரும் முதல் நிலைக் குஞ்சுகள் மட்டுமே நடமாடக்கூடியவை. இடம் பிடித்து வாயை ஊன்றிய பின் அவை அசைவதில்லை. வளர வளர உடம்பின் மேல் பஞ்சு போன்ற மெழுகும், நீண்ட மெல்லிய மெழுகு இழைகளும் உண்டாகின்றன. கடைசி நிலையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான கூடு ஆகிறது. முட்டையிலிருந்து முழு ஈயாக மாற ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கிறது.

முதிர்ந்த ஈ மற்ற வெள்ளை ஈக்களைப் போல மூன்று மடங்கு பெரியது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மந்தமானது. கத்தரியிலும் பருத்தியிலும் காணும் வெள்ளை ஈ, செடியைத் தொட்டவுடன் குபீரெனப் பறக்கும்; இது விரலை அருகில் கொண்டுபோனாலும் சோம்பலாக நகரும். வெண்மையான இறக்கைகளின் குறுக்கே வெளிர் பழுப்பு நிறத்தில் ஒழுங்கற்ற பட்டைகள் இருக்கும். ஆண் ஈயின் வயிற்று நுனியில் இடுக்கி போன்ற உறுப்பு நீண்டிருப்பதை லென்ஸில் தெளிவாகக் காணலாம்.

இதே ஓலையில் இப்போது வேறு அயல் வெள்ளை ஈக்களும் குடியேறிவிட்டதால், வெண்மையைக் கண்டவுடன் பெயர் சூட்டிவிட முடியாது. போண்டார் கூடு கட்டும் வெள்ளை ஈ என்பது 2018இல் கேரளத்தில் அறியப்பட்டது. அது மிகச் சிறியது. ஓலையில் பறவைக் கூடு போலப் பஞ்சுக் குழி அமைத்து அதன் நடுவே அமர்ந்திருக்கும், இறக்கைகளில் பெருக்கல் குறி போன்ற சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். 2019இல் கர்நாடகத்தின் மாண்டியாவில் கண்டறியப்பட்ட பனைவகை வெள்ளை ஈயின் கூடுகள் கறுப்பாக, ஓரங்களில் வெண்மெழுகு விளிம்பு கட்டியதுபோல் இருக்கும். என் தோப்பில் இப்போது சுருள் ஈயும் கூடு கட்டும் ஈயும் ஒரே கீற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதை அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் சுருள் ஈயைக் கொல்லும் ஒரு சிறு குளவி (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) மற்றவற்றையும் அதே திறத்தோடு தாக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே நீக்கிவிடுகிறேன். எங்கள் பகுதியில் கேரள வாடல் நோயும் பரவி, மரங்கள் வெட்டப்பட்டு வருவதால், வெள்ளை ஈதான் அந்த நோயைக் கொண்டுவந்தது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது சரியன்று. வாடல் நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். அதைப் பரப்புவன கண்ணாடி இறக்கை நாவாய்ப்பூச்சியும் ஒருவகைத் தத்துப்பூச்சியும் ஆகும். சுருள் வெள்ளை ஈ தனியாக ஒரு மரத்தைக் கொன்றதை நான் கண்டதில்லை. அது மரத்தின் சாற்றைக் குடிக்கிறது, கரும்பூசணத்தின் வழியாக ஓலைக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது, மரம் சோர்கிறது, காய்ப்புக் குறைகிறது. ஏற்கெனவே தண்ணீர்ப் பஞ்சத்தாலோ வேறு நோயாலோ மெலிந்த மரத்துக்கு இது பெரும் சுமை. நல்ல ஊட்டத்தோடு நிற்கும் நெட்டை மரம் இதைத் தாங்கி எழுந்துவிடுகிறது. குட்டை ரகங்களும், நெட்டை குட்டைக் கலப்பின மரங்களும் நெட்டையைக் காட்டிலும் அதிகமாகப் பாதிக்கப்படுகின்றன. சாவக்காடு ஆரஞ்சு குட்டை மரங்கள் என் தோப்பில் இருபதே நின்றன. முதல் ஆண்டில் வெள்ளையடித்த சுவர் போல் ஆனவை அவைதான்.

பூஞ்சாணக்கொல்லி பயன் தராதபோது நான் செய்த அடுத்த தவறுதான் பெரியது. கடையில் கேட்டேன், இரண்டு பூச்சிக்கொல்லிகளைக் கலந்து அடித்தால் ஒரே வாரத்தில் சுத்தமாகிவிடும் என்றார்கள். உயர் அழுத்தத் தெளிப்பான் வாடகைக்கு எடுத்து மூன்று ஏக்கருக்கும் அடித்தேன். மூன்று வாரங்கள் உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. நான் நிம்மதியடைந்தேன். இரண்டாம் மாத முடிவில், அடிப்பதற்கு முன் இருந்ததைவிட மிகுதியான சுருள்கள் ஒவ்வொரு கீற்றிலும் இருந்தன. மீண்டும் அடித்தேன், மீண்டும் அதே கதை. அதே சமயத்தில், கையில் பணம் இல்லாததால் எதையுமே அடிக்காமல் விட்ட பக்கத்துத் தோப்பில் ஆடி மாதத்துக்குள் புதிய ஓலைகள் பசுமையாக வந்துவிட்டன. வரப்பின் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் பச்சை. அந்த வரப்பில் நின்றுகொண்டுதான், நான் எதைக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்ற கேள்வி எனக்கு முதன்முதலாக எழுந்தது.

விடை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி. என்கார்சியா குவாடலூப்பே என்பது அதன் பெயர். சுருள் வெள்ளை ஈக்கு உறவான வேறொரு சுருள் ஈ 1990களிலேயே கேரளத்துக்குள் நுழைந்து கொய்யாவிலும் மரவள்ளியிலும் பரவியது. அதைத் தொடர்ந்து இந்தக் குளவியும், யாரும் முயன்று கொண்டுவராமலேயே இந்தியாவுக்குள் வந்து நிலைத்துவிட்டது. 2016இல் ரூகோஸ் ஈ வந்தபோது அதற்கான எதிரி ஏற்கெனவே நம் தோட்டங்களில் இருந்தது என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. இந்தக் குளவி ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிடுகிறது. உள்ளே வளரும் குளவிப் புழு குஞ்சை உண்டு, அதன் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளியேறுகிறது. நான் அடித்த மருந்து வெளியே திரிந்த ஈக்களையும் இந்தக் குளவிகளையும் ஒருசேரக் கொன்றது. ஆனால் மெழுகுக்குள் பாதுகாப்பாக இருந்த முட்டைகளும் குஞ்சுகளும் பெரும்பாலும் தப்பின. அவை ஈயாகி வெளிவந்தபோது அவற்றைத் தடுக்கக் குளவி இல்லை. ஐம்பது, அறுபது அடி உயர மரத்தின் ஓலை அடிப்பக்கம் முழுவதும் மருந்து படும்படி தெளிப்பது எவ்வளவு சிரமமானது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரசாயனம் ஏன் தோற்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இளநீராகவும் காயாகவும் மக்கள் வாயில் போகும் ஒன்றின் மேல் அதை அடித்தேன் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே கீற்றைத் திருப்பிப் பார்க்கும்போது ஈயை மட்டும் பார்க்காமல் கூடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கீற்றின் மேல் மெல்ல ஊதியோ, மென்மையான தூரிகையால் வருடியோ மெழுகை அகற்றுங்கள். நலமாக உள்ள கூடு வெளிர் மஞ்சளாக இருக்கும். குளவி தாக்கிய கூடு பழுப்பாகவோ கருமையாகவோ மாறியிருக்கும். வெறும் கூடுகளிலும் வேறுபாடு உண்டு. ஈ வெளியேறிய கூட்டின் முதுகில், நெடுக்காகவும் குறுக்காகவும் கிழிந்த ஒரு பிளவு தெரியும்; குளவி வெளியேறிய கூட்டில் ஊசியால் குத்தியதுபோல் ஒழுங்கான வட்டத் துளை இருக்கும். பிளவுகளும் துளைகளும் எத்தனை எத்தனை என்று எண்ணினால், உங்கள் தோப்பில் வெல்வது யார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இதை முதன்முதலில் எண்ணியபோது, நூறு கூடுகளில் வட்டத் துளை உள்ளவை பதினொன்று மட்டுமே இருந்தன. மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்து எண்ணியபோது பாதிக்கு மேல் வட்டத் துளைகள்.

எண்ணுவதற்கு நான் பின்பற்றும் முறை எளியது. ஏக்கருக்கு ஐந்து மரங்கள், தோப்பின் ஓரத்திலும் நடுவிலுமாக, எப்போதும் அதே மரங்கள். ஒவ்வொன்றிலும் கீழ்ச்சுற்று மட்டை ஒன்றில் நான்கு கீற்றுகள். ஒரு கீற்றில் உயிருள்ள முட்டைச் சுருள்கள் பத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், பத்து முதல் இருபது வரை நடுத்தரம் என்றும், இருபதுக்கு மேல் கடுமை என்றும் குறித்துக்கொள்கிறேன். கோடை முழுவதும் பதினைந்து நாள்களுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை. பழைய சுருளின் மெழுகு வெகுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வெண்மையை எண்ணாமல், உள்ளே முட்டை இருக்கிறதா என்று பார்த்து எண்ண வேண்டும். இதைக் கவனிக்காமல்தான் பலர், அடங்கிக்கொண்டிருக்கும் தாக்குதலைப் பெருகுவதாக எண்ணி மருந்தைத் தேடுகிறார்கள்.

இப்போது செய்வனவற்றைச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் முதன்மையானது மரத்தின் ஊட்டம். நெட்டை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐம்பது கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்ற அளவை இரண்டாகப் பிரித்து, மழையை ஒட்டி இடுகிறேன். கோடையில் சொட்டுநீரை நிறுத்துவதில்லை. கீழ்ச்சுற்று ஓலைகள் கறுத்திருந்தாலும், மேலே வரும் புதிய ஓலைகள் தடையின்றி வந்துகொண்டிருந்தால் மரம் சமாளித்துவிடும். ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலைகள் வரை மரம் புதிதாக விடுகிறது அல்லவா! அந்த வரவைத் தடைப்படாமல் காப்பதுதான் நம் பொறுப்பு.

இதனால்தான், கறுத்த மட்டைகளையெல்லாம் வெட்டிக் கொளுத்துவதை நான் ஏற்பதில்லை. பச்சை மட்டை ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பாளையோ குலையோ இருக்கிறது. மட்டையை இழந்தால் குலை தாங்கலை இழக்கிறது, மரம் உணவு செய்யும் பரப்பை இழக்கிறது. அதைவிட, குளவி குடியிருக்கும் கூடுகள் மிகுதியாக உள்ளவையும் அந்தப் பழைய கீழ்மட்டைகளே. அவற்றை எரிப்பது விதைநெல்லை எரிப்பதற்கு ஒப்பானது.

நாற்றுகளிலும் எட்டும் உயரத்தில் உள்ள குட்டை மரங்களிலும் தண்ணீரே நல்ல மருந்து. ஓலையின் அடிப்பக்கத்தில் படும்படி வேகமாகப் பீய்ச்சினால் ஈக்களும் குஞ்சுகளும் பெருமளவு கழுவப்படுகின்றன. தாக்குதல் கடுமையாக உள்ள இளமரங்களுக்கு மட்டும், லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் நன்றாகக் கலந்து, மாலையில் அடிப்பக்கத்தில் தெளிக்கிறேன். கறுத்த ஓலைகளுக்கு மைதா பசை. லிட்டருக்கு 25 கிராம் மைதா என்ற கணக்கில், முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டு, மீதித் தண்ணீரைச் சேர்த்து, வெயில் நாளில் ஓலையின் மேற்பக்கத்தில் தெளிக்க வேண்டும். பசை காய்ந்து சருகுபோல் உரியும்போது கரும்பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழுகிறது. இதை முதன்முதலில் பார்த்த நாளில், கறுப்புத் தோல் உதிர்ந்து உள்ளிருந்து பச்சை தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் இது பூசணத்துக்கான சிகிச்சை மட்டுமே. மேலே ஈ இருக்கும்வரை கருமை திரும்பி வரும். ஊடுபயிர்களுக்கு இது மிகுந்த பயன் தருகிறது.

மஞ்சள் ஒட்டும் பொறிகள் பற்றி எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மஞ்சள் தாளில் ஆமணக்கு எண்ணெய் தடவி, ஏக்கருக்கு எட்டு வீதம், ஆள் உயரத்தில் கட்டச் சொல்கிறார்கள். ஈக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டுவதைப் பார்க்க மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த மஞ்சள் நிறம் சிறு குளவிகளையும் இழுக்கிறது. ஆகவே மாசி, பங்குனியில் ஈ பெருகத் தொடங்கும்போது மட்டும் கட்டி, கூடுகளில் வட்டத் துளைகள் கூடுவதைக் கண்டவுடன் கழற்றிவிடுகிறேன்.

பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் (இது வாடல் நோயைப் பரப்பும் நாவாய்ப்பூச்சி அன்று, நன்மை செய்யும் வேறொரு பூச்சி) முட்டைகள் ஒட்டிய அட்டைகளை ஏக்கருக்கு 400 முட்டைகள் என்ற அளவில் ஓலைகளில் கட்டலாம். அதிலிருந்து வரும் புழு, ஈயின் முட்டையையும் குஞ்சையும் வேட்டையாடித் தின்னும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய நன்மை செய்யும் பூச்சிகளை வளர்க்கிறார்கள். அட்டை கட்டுவதற்கு முன் மரத்தில் எறும்பு நடமாட்டத்தைப் பாருங்கள். தேன்துளியை நாடி வரும் எறும்புகள் இந்த முட்டைகளைத் தின்றுவிடும். ஐசேரியா ஃபியூமோசோரோசியா என்ற பூஞ்சையையும் லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிக்கலாம். அது ஈயைப் பற்றி வளர்ந்து கொல்கிறது. பூஞ்சைக்குக் காற்றில் ஈரம் வேண்டும், ஈயோ வறட்சியில்தான் பெருகுகிறது. ஆகவே பங்குனி வெயிலில் அடித்துப் பணத்தை வீணாக்காமல், தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கி வானம் மூடியிருக்கும் மாலைகளில் பதினைந்து நாள் இடைவெளியில் இரு முறை அடிப்பதே என் வழக்கம்.

வாய்க்கால் ஓரமாகக் கல்வாழை நட்டிருக்கிறேன். சுருள் ஈ கல்வாழையை விரும்பி ஏறும். கண் மட்டத்தில் உள்ள அந்த அகன்ற இலைகளில் குளவியும் பெருகும். தென்னையில் ஈ குறையும் மழைக்காலத்திலும் குளவிக்கு அங்கே இரை கிடைப்பதால், அடுத்த கோடைக்கு அது தோப்பிலேயே தயாராக இருக்கிறது. ஈயை வளர்க்கும் செடியை நீயே நடுகிறாயா என்று என் மாமா கோபித்துக்கொண்டார். லென்ஸைக் கொடுத்து ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், அடுத்த வாரம் இரண்டு கிழங்கு கேட்டு வாங்கிப்போனார்.

குளவியைக் கொண்டு அயல் பூச்சியை அடக்குவது நம் மண்ணுக்குப் புதியதன்று என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் சேர்த்து அழித்துக்கொண்டிருந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவி, மருந்துகளால் முடியாததைச் செய்து முடித்தது. 2020இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டுக்குப் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து பெறப்பட்ட அனாகைரஸ் லோபெசி என்ற குளவி 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. இவை முழுப் பரிசோதனைக்குப் பின் அரசு நிறுவனங்கள் செய்தவை. தனியாக ஒருவர் வெளிநாட்டிலிருந்து எந்த உயிரினத்தையும் கொண்டுவரக் கூடாது. இந்த ஈ வந்ததே அத்தகைய கவனமின்மையால்தான் என்று நான் கருதுகிறேன். நாற்று வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு தென்னங்கன்றின் இலையையும், அழகுச் செடிகளின் இலையையும் திருப்பிப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ஈ தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. கன்றோடும் ஓலையோடும் வண்டியேறிப் போகும் தூரத்துக்கு எல்லையே இல்லை.

இந்தச் சித்திரையில் எண்ணியபோது ஒரு கீற்றுக்குச் சராசரியாக ஏழு சுருள்கள், நூறு கூடுகளில் எழுபத்துமூன்றில் வட்டத் துளை அல்லது கருமை. ஈ போய்விடவில்லை, போகவும் போகாது. ஆனால் காய் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்துவிட்டது.

என் தோப்பிலிருந்து குளவி உள்ள ஓலைத் துண்டுகளை எடுத்துச் செல்லலாமா என்று அண்மையில் சிலர் கேட்டார்கள். தாராளமாக எடுத்துச் செல்லலாம், ஆனால் ஏற்கெனவே ஈ தாக்கிய தோப்புகளுக்கு மட்டும். ஈ இல்லாத இடத்துக்கு ஒரு துண்டும் போகக் கூடாது, ஏனெனில் எந்தத் துண்டிலும் உயிருள்ள ஈக்குஞ்சு சில இருக்கவே செய்யும். கருமையான கூடுகள் மிகுதியாகவும் வட்டத் துளைகள் குறைவாகவும் உள்ள கீற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளை விழுந்த கூட்டிலிருந்து குளவி போய்விட்டது. சாண் நீளத் துண்டுகளாக நறுக்கித் தாள் பையில் வைத்து, வெயில் படாமல், அன்றே கொண்டுபோங்கள். தாக்குதல் உள்ள மட்டையின் அடிப்பக்கக் கீற்றில், கூடுகள் உள்ள பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, ஈர்க்குச்சியால் குத்தி நிறுத்துங்கள். அதற்கு முன் ஒரு மாதமும் அதற்குப் பின் எப்போதும் அந்தத் தோப்பில் பூச்சிக்கொல்லி படக் கூடாது.